அஸ்திவாரம் இறங்கின வீடு: ரிப்பேர் பண்ணிட்டு விக்கறதா, இருக்கற நிலைமையிலயே விக்கறதா?

மாடிவீடு_78:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா கட்டின வீடு, கீழ ஒண்ணு மேல ஒண்ணு, கட்டி 40 வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்பா போனதுக்கு அப்புறம் யாரும் குடியில்ல, நான், அண்ணன், தங்கச்சி மூணு பேரும் ஆளுக்கொரு ஊர்ல இருக்கோம், வித்து பங்கு பிரிச்சுக்கலாம்னு பேசி முடிச்சாச்சு. அதுவரைக்கும் சண்டை இல்ல. சண்டை எல்லாம் வீடு இருக்கற நிலைமைய வச்சுதான்.

பின்பக்க மூலை இறங்கியிருக்கு. அந்த ரூம்ல ஜன்னலோட மேல் மூலையில ஆரம்பிச்சு செங்கல் இடுக்கு வழியா படிப்படியா ஒரு வெடிப்பு ஸ்லாப் வரைக்கும் போகுது, ஜன்னல்கிட்ட நகம் நுழையற அளவுதான், மேல போகப்போக சுண்டு விரல் நுனியே உள்ள போயிடுது. கதவு சாத்தவே முடியல, ஒரு ஓரம் நிலையில இடிக்குது இன்னொரு ஓரம் வெளிச்சம் தெரியுது. தரையில பென்சில வச்சா அதுவே அந்த மூலைக்கு உருண்டு போகுது. இது ஒண்ணு. இன்னொண்ணு பாத்ரூம் பக்கம், சீலிங் பூச்சு பொத்துன்னு விழுந்து கம்பி வெளிய தெரியுது, தெரியறது கம்பியா துருவான்னே சொல்ல முடியல, விரலால தேய்ச்சா ஏடு ஏடா உதிருது. அதே பக்கம் பீமோட அடிப்பக்கம் நீளவாக்குல ஒரு வெடிப்பும் ஓடுது.

புரோக்கர் சொல்றார் பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சு ஃபோட்டோ எடுத்து போட்டா ஒரே மாசத்துல போயிடும்னு. மேஸ்திரி சொல்றார் வெடிப்ப வெட்டி சிமென்ட் அடைச்சா போதும்னு. தெரிஞ்ச இன்ஜினியர் ஒருத்தர் ஒருதரம் சுத்திப் பாத்துட்டு "இது பூச்சு வேலை இல்ல, ஸ்ட்ரக்சர்லயே கை வச்சிருக்கு" ன்னு மட்டும் சொல்லிட்டு போயிட்டார். அண்ணன் புரோக்கர் கட்சி. தங்கச்சி எல்லாத்தையும் சரி பண்ணிட்டு நல்ல விலைக்கு விக்கலாம்ங்கறா. எனக்கு ரெண்டுமே சரியாப் படல. ரிப்பேருக்கு போடற காசு திரும்ப வருமா, அப்படியே வித்தா யாராவது வாங்குவாங்களா, வாங்கறவங்ககிட்ட எவ்வளவு சொல்லணும், சொல்லாம விட்டா பின்னாடி கழுத்தப் பிடிப்பாங்களா... இதெல்லாம் பட்டவங்க யாராவது சொல்லுங்க.

டீல்_மன்னன்:

ப்ரோ இவ்வளவு யோசிச்சா எந்த வீடும் விக்க முடியாது. பழைய வீடுன்னா வெடிப்பு இருக்கத்தான் செய்யும், வாங்கறவனுக்கு கண்ணு இல்லையா, அவன் பாத்துட்டுத்தானே வாங்கறான். பட்டி பாருங்க, பெயின்ட் அடிங்க, "இருக்கும் நிலையில்" னு அக்ரிமென்ட்ல ஒரு வரி போடுங்க, முடிஞ்சுது. எல்லாரும் பண்றதுதான்.

பீம்காலம்:

மேல சொன்ன அட்வைஸ தயவு செஞ்சு கேட்டுடாதீங்க. ஏன்னு கடைசியில சொல்றேன், முதல்ல வீட்டுக்கு என்ன வியாதின்னு பாப்போம், ஏன்னா நீங்க எழுதினதுல ரெண்டு தனித்தனி வியாதி இருக்கு, ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிட்டா விலையும் தப்பாதான் வரும்.

முதல் வியாதி அஸ்திவாரம். வீடு மொத்தமா ஒரே அளவு இறங்கினா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, ஒரு பக்கம் மட்டும் அதிகமா இறங்கும்போதுதான் சுவர் கிழியும். உங்க வெடிப்பு மேல அகலமா கீழ குறுகலா இருக்குன்னு சொன்னீங்க பாருங்க, சுவரோட ஓரம் கீழ போகும்போது இப்படித்தான் வரும். நடுவுல இறங்கியிருந்தா தலைகீழா, கீழ அகலமா வந்திருக்கும். கதவு சாத்த முடியாததும் பென்சில் உருளறதும் அதுக்கு சாட்சி. சரி, மூலை ஏன் இறங்குது? அந்தப் பக்கம் டிரெய்னேஜ் பைப்போ மழைத்தண்ணி பைப்போ உடைஞ்சு மண்ண அரிச்சிருக்கலாம், களிமண்ணா இருந்தா ஈரத்துல உப்பி வெயில்ல சுருங்கும், பக்கத்துல பெரிய மரம் இருந்தா வேர் தண்ணிய உறிஞ்சி இன்னும் சுருக்கும். இல்ல அந்த மூலைக்கு மட்டும் பின்னாடி ஏதாவது கட்டி சேர்த்தீங்களா? காரணம் தெரியாம வெடிப்ப அடைச்சா சிமென்ட் கொஞ்ச நாள் நிக்கும், அப்புறம் அதே இடத்துல, இல்லன்னா பக்கத்துல புதுசா வாய் திறக்கும்.

அகலத்த வச்சு ஒரு தோராயக் கணக்கு உண்டு. பிரிட்டன்ல இருந்து வந்த ஒரு வகைப்பாட்ட நிறைய ஊர்ல இன்ஜினியர்ங்க பயன்படுத்துவாங்க. 5 மி.மீ. வரைக்கும் பெரும்பாலும் பாக்க அசிங்கம் அவ்வளவுதான். 5ல இருந்து 15 வரைக்கும் கதவு ஜன்னல் மாட்டும், பைப் உடையலாம். 15ல இருந்து 25 வரைக்கும் சுவர இடிச்சு கட்டற அளவு வேலை. 25க்கு மேல போனா கட்டடம் நிக்குமான்னே யோசிக்கணும். சுண்டு விரல் நுனி போகுதுன்னா சுமார் 10ன்னு வைங்க, மேல இன்னும் இருக்கலாம், ஒரு ஸ்கேல வச்சு அளந்து பாருங்க. ஆனா அகலத்தவிட முக்கியம் அது இன்னும் வளருதா, நின்னுடுச்சாங்கறது. வெடிப்போட ரெண்டு நுனியிலயும் பென்சில்ல குறுக்க கோடு போட்டு தேதி எழுதுங்க, நடுவுல குறுக்கா ஒரு மெல்லிசு கண்ணாடித் துண்ட எபாக்சி போட்டு ஒட்டுங்க, சுவர் நகர்ந்தா கண்ணாடி உடைஞ்சிடும். களிமண்ணா இருந்தா ஒரு மழைக்காலம் ஒரு வெயில்காலம் ரெண்டையும் பாத்தாத்தான் முழுசா தெரியும், உங்களுக்கு அவ்வளவு நேரம் இருக்கான்னு தெரியல.

ரெண்டாவது வியாதி கம்பி. இது அமைதியா தின்னும். நல்ல கான்கிரீட்டோட pH (கார அளவு) 12, 13ல இருக்கும், அந்த காரத்தன்மைதான் கம்பிக்கு கவசம். வருஷம் ஆக ஆக காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு உள்ள போய் அது 9க்கு கீழ வந்துடும், அப்புறம் பாத்ரூம் கசிவு மாதிரி ஒரு ஈரம் கிடைச்சா போதும், துரு ஆரம்பிக்கும். துரு ஆன இரும்பு பழைய இரும்பவிட ரெண்டுல இருந்து ஆறு மடங்கு இடம் கேக்கும், அந்த அழுத்தத்துலதான் பூச்சு வெடிச்சு விழுது. பீம்ல நீளவாக்குல ஓடற வெடிப்பும் உள்ள கம்பி போற பாதையாத்தான் இருக்கும், அப்படின்னா அந்த பீம் கம்பியிலயும் துரு ஓடியிருக்குன்னு அர்த்தம். அதே பீம்ல தூண்கிட்ட சாய்வா ஏதாவது வெடிப்பு இருக்கான்னு உடனே பாருங்க, இருந்தா அது வேற லெவல் ஆபத்து, கீழ யாரையும் நிக்க விடாதீங்க.

டெஸ்ட் என்னென்ன கேக்கணும்: சுத்தியல்ல தட்டி பொக்குன்னு சத்தம் வர இடத்த எல்லாம் மார்க் பண்றது (சும்மா நினைக்காதீங்க, இதுலயே பாதி தெரிஞ்சிடும்), ரீபவுண்ட் ஹேமர் (கான்கிரீட்ல அடிச்சா எவ்வளவு துள்ளுதுன்னு பாக்கற கருவி), அல்ட்ராசோனிக் (ஒலி அலைய உள்ள விட்டுப் பாக்கறது), சந்தேகமான இடத்துல கோர், அதாவது உருளை மாதிரி ஒரு துண்ட துளைச்சு எடுத்து உடைச்சுப் பாக்கறது, உடைச்ச இடத்துல ஃபினால்ஃப்தலின்ங்கற கெமிக்கல அடிச்சா நல்ல கான்கிரீட் பிங்க் ஆகும், காரம் போன இடம் கலரே மாறாது. மண்ணுக்கு அந்த மூலையில ஒரு குழி தோண்டி ஃபுட்டிங் (அஸ்திவாரத்தோட அடிப்பாகம்) வரைக்கும் பாக்கணும். ரீபவுண்ட் ஹேமர மட்டும் வச்சுட்டு ரிப்போர்ட் எழுதித் தர்றவங்க இருக்காங்க, அது மேல் தோலோட பலத்த மட்டும்தான் சொல்லும், ஏமாறாதீங்க.

இப்ப மேல இருக்கற நண்பருக்கு. 2021 ஜூன்ல ஃப்ளோரிடால சர்ஃப்சைடுங்கற ஊர்ல 12 மாடி அபார்ட்மென்ட் ராத்திரியோட ராத்திரியா இடிஞ்சு 98 பேர் செத்தாங்க. 2018லயே ஒரு இன்ஜினியர் நீச்சல் குளத்து தளத்துக்கு அடியில ஸ்லாப்ல பெரிய சேதம் இருக்குன்னு எழுதியே குடுத்திருந்தார். உங்க ரெண்டு மாடி வீடு அந்த கதை இல்லதான், ஆனா பட்டி பாத்துட்டா துரு நிக்காது. வாங்கினவன் குழந்தையோட அந்த பீமுக்கு கீழ படுத்து தூங்குவான்.

வாங்கினவள்:

நான் அந்தப் பக்கத்துல இருந்து பேசறேன், அதாவது இப்படி ஒரு வீட்ட தெரிஞ்சே வாங்கினவ. மூலை இறங்கின வீடு, வெடிப்பு எல்லாம் உங்களோடத விட மோசம். அதே தெருவுல அதே சமயம் இன்னொரு பழைய வீடும் விலைக்கு வந்துச்சு, புதுசா பெயின்ட் அடிச்சு பளபளன்னு, உள்ள போனா பெயின்ட் வாசனை மூக்குல ஏறுது. நான் அத வாங்கல. ஏன்னு கேட்டா, வீடு முழுக்க பழைய பெயின்ட், ஒரு ரூம்ல மட்டும் புது பெயின்ட், அந்த ரூம்ல மட்டும் சுவரோரமா பெரிய பீரோ. என் கூட வந்த இன்ஜினியர் டார்ச்ச சுவர்ல பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சார், பட்டி பாத்த கோடு அப்படியே மேடா தெரிஞ்சுது. அதுக்கு அப்புறம் அவங்க என்ன சொன்னாலும் நம்ப மனசு வரல, தண்ணி டேங்க் புதுசுன்னு சொன்னாக்கூட.

நான் வாங்கின வீட்டுக்காரர் கதவ திறந்ததுமே நேரா வெடிப்புக்கிட்டதான் கூட்டிட்டு போனார். ஒரு ஃபைல் வச்சிருந்தார், இன்ஜினியர் ரிப்போர்ட், எந்த பைப் உடைஞ்சிருந்துச்சு அத எப்ப மாத்தினாங்க, அதுக்கு அப்புறம் தேதி போட்டு எடுத்த ஃபோட்டோ, ரெண்டு கான்ட்ராக்டர் குடுத்த எஸ்டிமேட். நான் பேரம் பேசினேன், பயங்கரமா பேசினேன், ஆனா எதுக்கு பேசறோம்னு தெரிஞ்சு பேசினேன். ரிப்பேர் செலவ விலையில இருந்து கழிச்சுக்கிட்டு எங்களுக்கு பிடிச்ச மாதிரி வேலை பாத்துக்கிட்டோம். அவர் எல்லாத்தையும் சரி பண்ணி வித்திருந்தா நான் வாங்கியிருப்பேனான்னு சந்தேகம்தான், ஏன்னா தரைக்கு அடியில போன வேலைய மூடினதுக்கு அப்புறம் யாரால பாக்க முடியும்?

தங்கச்சிகிட்ட சொல்லுங்க, புது டைல்ஸ் புது கிச்சன்னு அழகு வேலைக்கு மட்டும் காசு போட வேண்டாம்னு. வாங்கறவங்க முதல்ல உடைக்கப்போறது அதைத்தான்.

மாடிவீடு_78:

ரொம்ப நன்றி சார், நன்றி அக்கா. இப்பதான் கொஞ்சம் தெளிவாகுது. பின்பக்கம் மாடிக்கு ஒரு பாத்ரூமும் மொட்டை மாடியில டேங்க்கும் அப்பா பின்னாடிதான் கட்டி சேர்த்தார், அந்த மூலையிலதான் டிரெய்னேஜும் போகுது. சார் கேட்ட எல்லாமே ஒரே மூலையில இருக்கு. அண்ணன்கிட்ட இதெல்லாம் சொன்னேன், அவன் "ரிப்போர்ட் வாங்கினா நமக்கு தெரிஞ்சதா ஆயிடும், தெரியாத வரைக்கும் நம்ம மேல தப்பில்ல, அதனால ரிப்போர்ட்டே வாங்காத" ங்கறான். கேக்க லாஜிக்கா வேற இருக்கு. இதுக்கு என்ன பதில் சொல்றது? வாட்ஸாப் குரூப்ல தினமும் இதே சண்டை.

பத்திரம்_பார்ப்பவன்:

முதல்ல அந்த வாட்ஸாப் குரூப்ல இது சம்பந்தமா எழுதறத நிறுத்துங்க தம்பி. "பெயின்ட் அடிச்சு மறைச்சிடலாம்" னு உங்க அண்ணன் டைப் பண்ணி வச்சிருந்தா நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. சிரிப்புக்கு சொல்லல.

உங்க அண்ணன் லாஜிக்ல ஓட்டை எங்கன்னா, அவருக்கு ஏற்கனவே தெரியும். வெடிப்ப பாத்திருக்கார், கம்பிய பாத்திருக்கார், ஒரு இன்ஜினியர் வாயால சொல்லியும் கேட்டிருக்கார். ரிப்போர்ட் வாங்காததால அந்த அறிவு மறைஞ்சிடாது, அளவு மட்டும்தான் தெரியாம போகும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால உங்க ஊர் வக்கீல்கிட்ட கட்டாயம் கேளுங்க. பொதுவா ரெண்டு வகை குறைய பிரிச்சுப் பாப்பாங்க. சாதாரண கவனத்தோட பாத்தாலே தெரியற குறை ஒண்ணு, ஒளிஞ்சிருக்கற குறை இன்னொண்ணு. முதல் வகைக்கு "வாங்கறவன் பாத்து வாங்கணும்" ங்கற வாதம் கொஞ்சம் எடுபடும். இப்ப வேடிக்கையப் பாருங்க, உங்க வெடிப்பு இன்னிக்கு முதல் வகை, யார் வந்தாலும் கண்ணுல படும். அதுமேல பட்டி பாத்த அடுத்த நிமிஷம் நீங்களே அத ரெண்டாவது வகையா மாத்திடறீங்க, அதுவும் வேணும்னே மறைச்சதா. சும்மா இருந்திருந்தா கிடைச்சிருக்கற பாதுகாப்பையும் காசு குடுத்து அழிச்சுக்கற வேலை அது.

"இருக்கும் நிலையில்" ங்கற வரியப் பத்தி டீல் மன்னன் சொன்னார். அந்த வரி நேர்மையா விக்கறவனுக்கு உதவும், மோசடி பண்ணவனக் காப்பாத்தாது. ஃப்ரான்ஸ் சிவில் சட்டத்துல 1641வது பிரிவுல இருந்தே மறைஞ்ச குறைக்கு வித்தவன் பொறுப்புன்னு இருக்கு, அந்தப் பொறுப்பு இல்லன்னு ஒப்பந்தத்துல எழுதிக்கலாம், ஆனா குறை தெரியாம வித்திருந்தாத்தான் அது செல்லும். ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றத்துல 1985ல ஒரு தீர்ப்பு இருக்கு. வாங்க வந்தவங்க ஜன்னல் ஓரம் பூச்சு உப்பி உரிஞ்சிருக்கறதையும் சீலிங்ல கறையையும் பாத்து கேட்டிருக்காங்க, வித்தவங்க ஜன்னல்ல இருந்தது சின்ன பிரச்சனை, எப்பவோ சரி பண்ணியாச்சு, கறை வெறும் வால்பேப்பர் பசையும் பீம மாத்தி வச்சதும்தான்னு சொல்லிட்டாங்க. அட்வான்ஸ் குடுத்து கொஞ்ச நாள்ல பெருமழை, ஜன்னல் வழியா, சீலிங் வழியா, லைட் மாட்டின ஓட்டை வழியா, சமையலறை அடுப்பு வரைக்கும் தண்ணி கொட்டுது. தனக்குத் தெரிஞ்ச, வீட்டு மதிப்ப பாதிக்கற, வாங்கறவன் கண்ணுக்கு சுலபமா தெரியாத குறைய வித்தவன் சொல்லியே ஆகணும்னு கோர்ட் சொல்லி அட்வான்ஸ திருப்பித் தர வச்சுது. இன்னும் சில ஊர்ல கேட்டாத்தான் சொல்லணும், கேக்காம சொல்லத் தேவையில்லங்கற நிலைமை இருக்கு, ஆனா கேட்டதுக்கு பொய் சொன்னா எந்த ஊர்லயும் மாட்டுவீங்க.

நடைமுறையில என்ன பண்ணணும்னா, தெரிஞ்ச குறை எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி, ரிப்போர்ட், ஃபோட்டோ சேத்து, அக்ரிமென்டோட இணைப்பா வச்சு ஒவ்வொரு பக்கத்துலயும் வாங்கறவங்க கையெழுத்து வாங்குங்க. அட்வான்ஸுக்கு முன்னாடியே குடுத்ததா தேதி இருக்கணும். அவங்க இன்ஜினியர கூட்டிட்டு வந்து பாக்க அனுமதி குடுத்தோம்னும் எழுதுங்க. வாய்ப்பேச்சுல "சின்ன வெடிப்புதாங்க, பயப்படாதீங்க" ன்னு ஆறுதல் சொல்ற பழக்கம் நமக்கெல்லாம் உண்டு, அத மட்டும் பண்ணாதீங்க, ரிப்போர்ட்ல என்ன இருக்கோ அதத்தான் சொல்லணும். புரோக்கர் உங்க சார்பா பொய் சொன்னாலும் அது உங்க தலையில விழலாம், அதனால அவருக்கும் அந்த தாள ஒரு காப்பி குடுத்து கையெழுத்து வாங்கிடுங்க. மூணு பேரும் கையெழுத்து போட்டு விக்கறதால ஒருத்தர் மறைச்சதுக்கு மூணு பேரும் கோர்ட் படி ஏறணும், தங்கச்சி உட்பட. அண்ணன்கிட்ட இத சொன்னீங்கன்னா போதும்.

டீல்_மன்னன்:

சார் வாட்ஸாப் பாயின்ட் பயமுறுத்திடுச்சு 😅 சரி நான் பட்டி மேட்டர வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா எல்லாத்தையும் சொன்னா எவன் வாங்குவான், மண்ணு விலைக்குத்தான கேப்பான்?

கணக்குப்பிள்ளை:

மண்ணு விலைக்கு கேக்கறது நிறைய நேரம் சரியான விலையாவே இருக்கும், அதுதான் வருத்தம். நான் வேல்யுவேஷன் (சொத்துக்கு விலை மதிப்பு போடற) வேலை பாக்கறவன், கணக்கு எப்படிப் போடறதுன்னு மட்டும் காட்டறேன், இந்த நம்பர் எல்லாம் உதாரணத்துக்கு, உங்க வீட்டுக்கு வேற வரும்.

வீடு நல்லா இருந்தா 100ன்னு வைங்க. அதுல மனை மட்டும் 65. இடிச்சு அள்ள 5. அப்ப வீடே வேண்டாம்னு நினைக்கறவனுக்கு உங்க சொத்து 60. இதுதான் அடிமட்ட விலை, இதுக்கு கீழ போக வேண்டியதில்ல. இப்ப ரிப்போர்ட் இருக்கு, ரிப்பேருக்கு 20 ஆகும்னு எஸ்டிமேட் இருக்குன்னா வாங்கறவன் 100ல 20 கழிச்சு, தலைவலிக்கும் எதிர்பாராத செலவுக்கும் இன்னொரு 10 கழிச்சு 70 குடுப்பான். ரிப்போர்ட் இல்லன்னா அவனும் மோசமானதத்தான் நினைப்பான், 60தான், அதுலயும் பேரம். ஆக அந்த ரிப்போர்ட்டோட மதிப்பு 10, அதுக்கு ஆகற செலவு ஒண்ணுகூட வராது.

நீங்களே ரிப்பேர் பண்ணா? 20ன்னு ஆரம்பிக்கும், பூச்ச உடைச்சு உள்ள பாத்ததும் இன்னும் நாலு இடத்துல துரு இருக்கும், 28ல முடியும். ரிப்பேர் ஆன வரலாறையும் சொல்லித்தான் விக்கணும், அதனால 100 வராது, 95 வரலாம். கையில நிக்கறது 67. அதுக்கு நடுவுல உங்க காசு முடங்கி, மூணு பேரும் யார் எவ்வளவு போடறதுன்னு சண்டை போட்டு... வேண்டாம். ரிப்பேர் செலவு கட்டடத்தோட மதிப்ப, அதாவது இந்த உதாரணத்துல 35ஐ தாண்டினா யோசிக்கவே வேண்டாம், மனையா நினைச்சு வித்துடுங்க.

யார் வாங்குவாங்கன்னு கேட்டீங்க. லோன் போட்டு வாங்கறவங்க கஷ்டம், ஸ்ட்ரக்சர்ல குறைன்னு பேங்க் வேல்யுவர் எழுதிட்டா பல இடத்துல லோன் நின்னுடும், இல்ல குறைச்சுத்தான் தருவாங்க. அதனால கையில காசு இருக்கறவங்க, இடிச்சு கட்டறவங்க, பில்டர், ரிப்பேர் பண்ணத் தெரிஞ்சவங்கன்னு ஆள் கம்மி, அதனாலதான் அந்த தள்ளுபடி. சீக்கிரம் முடிக்கறேன்னு வந்து 60க்கும் கீழ கேக்கற ஆளுங்க முதல்ல வருவாங்க, அவங்களுக்கு தலையாட்டிடாதீங்க, பக்கத்துல காலி மனை என்ன விலைக்கு போச்சுன்னு விசாரிச்சு வச்சுக்கங்க. இன்ஷூரன்ஸ் இருந்தா பாலிசிய எடுத்து படிங்க, வருஷக்கணக்கா மெல்ல வந்த சேதத்துக்கு பெரும்பாலும் தர மாட்டாங்க, வீடு காலியா கிடந்தாலும் தகராறு பண்ணுவாங்க. ஆனா திடீர்னு உடைஞ்ச பைப்பாலன்னு நிரூபிக்க முடிஞ்சா ஒரு வாய்ப்பு இருக்கு.

ஒரே ஒரு ரிப்பேர் மட்டும் விக்கறதுக்கு முன்னாடி லாபம். காரணத்த நிறுத்தற ரிப்பேர். உடைஞ்ச பைப்ப மாத்தறதுக்கு ஆகற செலவு கம்மி, "காரணம் கண்டுபிடிச்சு நிறுத்தியாச்சு" ன்னு சொல்ல முடியறது பேரத்துல ரொம்ப பெருசு.

பீம்காலம்:

கணக்குப்பிள்ளை சொன்ன கடைசி பாராதான் நானும் சொல்ல வந்தது. அஸ்திவாரத்த அடியில இருந்து தாங்கற வேலை (அண்டர்பின்னிங்) நீங்க விக்கறதுக்காக பண்ண வேண்டியதே இல்ல. அத ஒரே நேரத்துல தோண்டக்கூடாது, ஒரு மீட்டர் ஒன்றரை மீட்டர்னு துண்டு துண்டா விட்டு விட்டுத்தான் தோண்டி கான்கிரீட் போடணும், மொத்தமா தோண்டினா சுவர் உங்க தலையிலயே வரும். மண் ரொம்ப மோசம்னா மைக்ரோபைல் (ஆழமா துளைச்சு இறக்கற மெல்லிசு தூண்) போவாங்க. ரெண்டுமே அனுபவம் உள்ள ஆள் இல்லாம தொடக்கூடாத வேலை.

அதுக்கு முன்னாடி இன்னிக்கே பண்ண வேண்டியது ஒண்ணு. மொட்டை மாடி டேங்க் அந்த மூலையிலதான இருக்கு? ஆயிரம் லிட்டர்னா ஒரு டன். காலி வீட்டுக்கு எதுக்கு அந்த பாரம், திறந்து விட்டுடுங்க. அப்புறம் மாடியில ஒழுகுதுன்னு ஒவ்வொரு தடவையும் பழசு மேலயே புதுசா தளம் போட்டிருந்தீங்கன்னா அதையும் பாக்கச் சொல்லுங்க, 5 செ.மீ. சிமென்ட் காரைன்னா ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 100 கிலோ. அந்தக் காலத்துல வீட்டுக்கு வீடு நடந்த கூத்து இது, ஒழுகலுக்கு வைத்தியம் பாக்கறோம்னு ஸ்லாப் தலையில மூட்டைய ஏத்தி வைக்கறது.

மாடிவீடு_78:

டேங்க காலி பண்ண பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட சாவி இருக்கு, சொல்லிட்டேன். மூணு லேயர் போட்டிருக்கு சார் மாடியில, அப்பா ரெண்டு தடவை போட்டது எனக்கே ஞாபகம் இருக்கு.

அண்ணன்கிட்ட போன்ல பேசினேன் (வாட்ஸாப்ல இல்ல!). தங்கச்சியும் கோர்ட்டுக்கு வரணும்னு சொன்னதும் கொஞ்சம் இறங்கினான், கணக்குப்பிள்ளை சார் போட்ட 60, 70 கணக்க சொன்னதும் முழுசா இறங்கிட்டான். அவனுக்கு நியாயத்தவிட அந்த 10தான் புரிஞ்சுது, பரவாயில்ல. டெஸ்ட் எடுக்கற ஆள்கிட்ட கோர், குழி தோண்டிப் பாக்கறது எல்லாம் சேத்து கொட்டேஷன் கேட்டிருக்கோம். ஒரே ஒரு சந்தேகம், நடுவுல ஆளுங்க வீடு பாக்க வந்தா உள்ள விடலாமா?

பீம்காலம்:

அந்த பாத்ரூம் பக்க ஸ்லாபுக்கும் பீமுக்கும் கீழ முட்டு குடுக்காம யாரையும் விடாதீங்க. இரும்பு ஜாக்கி முட்டு வாடகைக்கு கிடைக்கும், அடியில தடிமனான பலகை போட்டு பாரத்த பரப்பணும், மேலயும் பலகை வச்சு தாங்கற அளவுக்கு மட்டும் டைட் பண்ணணும். பீம தூக்கி நேராக்கறேன்னு திருகினா இருக்கறதும் வெடிச்சிடும். கீழ தரைக்கு அடியில மண் அரிச்சிருக்கலாம், அதனால முட்டு நிக்கற இடத்தையும் இன்ஜினியர காட்டச் சொல்லுங்க. தொங்கிட்டு இருக்கற பூச்ச முதல்லயே நீளமான கம்பியால தள்ளி நின்னு தட்டி விட்டுடுங்க. தட்டறதுக்கு முன்னாடி ஃபோட்டோ எடுத்துக்கங்க, அது உங்க ஃபைலுக்கு.

புதுவீட்டு_ராணி:

நடுவுல வந்ததுக்கு மன்னிக்கணும் சார், எங்க வீடு கட்டி ரெண்டு வருஷம்தான் ஆகுது, பூச்சுல தலைமுடி மாதிரி வலை வலையா கோடு இருக்கு, இதப் படிச்சதுல இருந்து தூக்கம் போச்சு. நாங்களும் வித்துடணுமா??

பீம்காலம்:

வேண்டாம்மா. வலை மாதிரி மெல்லிசா பரவி இருந்தா அது பெரும்பாலும் பூச்சு காயும்போது சுருங்கினது, தண்ணி சரியா அடிக்காம விட்டிருப்பாங்க. ஜன்னல் மூலையில இருந்து சாய்வா ஒரே கோடா போய், அகலமும் கூடிட்டே போனா அப்ப தனியா ஒரு கேள்வி போடுங்க, ஃபோட்டோ எடுக்கும்போது பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு எடுங்க.